கடற்பாசிப் பக்கெற்: எதை வாங்கலாம், எதை விடலாம்

யாழ்ப்பாணத்தில் கடற்பாசி என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு சாமான் கைக்கு வரும். பெரியகடைப் பக்கம் கேட்டால் வெள்ளை நார்க்கட்டு, அதாவது நாராக்கிய அகர். கேக் சாமான் விற்கும் கடைகளில் அகர் தூளோ கரகீனன் தூளோ. கரையோரத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் காய்ந்த பாசி அப்படியே. முகநூலில் தேடினால் ‘சீ மொஸ்’ என்ற பெயரில் போத்தலும் குளிசையும். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பெட்டிகளிலும் இந்தக் கடைசி வகை இப்போது அடிக்கடி வந்து இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மூலம் சிவப்புப் பாசிதான். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பண்டம் பிழைக்கும். கடைசி வகையை வாங்கினால் காசும் பிழைக்கும்.

வேறுபாடு பாசியின் உடம்புக்குள் இருக்கும் பல்சக்கரைட்டில் கிடக்கிறது. அகர், கரகீனன் என்ற இரண்டு குடும்பங்களுக்கும் அடிப்படை கலக்டோஸ் வெல்லத்தின் நீண்ட சங்கிலி. அகரில் சல்பேற்றுக் குழுக்கள் மிகக் குறைவு. கரகீனனில் அவை கூட: இரண்டு வெல்ல அலகுக்கு ஒரு சல்பேற்று இருந்தால் கப்பா, இரண்டு இருந்தால் அயோட்டா, மூன்று இருந்தால் லம்டா. கப்பா பொற்றாசியத்தோடு சேர்ந்து கட்டியாக, நொறுங்குகிற மாதிரி இறுகும். அயோட்டா கல்சியத்தோடு சேர்ந்து இழுபடுகிற மாதிரி இறுகும். லம்டா இறுகவே இறுகாது, தடிப்பாக்கும், அவ்வளவுதான். அகருக்கு இந்த உப்புகளில் எதுவும் தேவையில்லை. இந்த ஒரு குணம் யாழ்ப்பாணக் குசினிக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது கரகீனனுக்கு வரும்போது தெரியும்.

முதலில் நார்க்கட்டு. ரமழான் காலத்தில் ஐந்துசந்திப் பக்கம் அதிகம் போகும் சாமான் இது. விலைக்கு மோசமில்லை, கலப்படம் செய்வதும் கஷ்டம். நார் நாராக இருக்கும் பண்டத்துக்குள் மாவைக் கலக்க முடியாதே. நல்ல கட்டு வெளிறிய வெள்ளையாக, பாரமில்லாமல், கசக்கினால் சரசரக்கும். மஞ்சள் அடித்து, வளைத்தால் ஒடியாமல் தொய்ந்தால் ஈரம் ஏறிய பழைய சரக்கு. ஒரு லீற்றர் திரவத்துக்கு 10 கிறாம் போட்டால் கத்தியால் வெட்டுகிற பதம் வரும், 7 கிறாமுக்குக் கரண்டியால் அள்ளுகிற பதம்.

நாரைப் போட்டுக் கரையவில்லை என்று வருகிற முறைப்பாட்டில் பெரும்பகுதி சரக்கின் பிழை அல்ல, வரிசையின் பிழை. நாரைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பிழிந்து, வெறும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். பாலில் போடக்கூடாது, தேங்காய்ப்பாலில் போடக்கூடாது, சீனியை முதலில் போடவும் கூடாது. சீனி தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டால் நார் கரைய நேரம் கூடும். கொதி வந்தபின் சிறுதீயில் பத்து நிமிடம். கரண்டியால் அள்ளிச் சரித்துப் பார்த்தால் இழையோ கண்ணாடித் துணுக்கோ தெரியக்கூடாது. அதற்குப் பிறகு சீனி, அதற்குப் பிறகு வடி, கடைசியில் சூடாக்கிய பால். பிறிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே அகர் திரிந்து மணி மணியாக நிற்கும். பால் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சட்டியோடு கொட்டிவிடுபவர்கள் உண்டு. திரும்பச் சூடாக்கினால் அது கரைந்துவிடும்.

அகர் தூள் வேலையைக் குறைக்கும். ஊறவைக்கத் தேவையில்லை, மூன்று நான்கு நிமிடக் கொதி போதும், லீற்றருக்கு 8 கிறாம் தாராளம். ஆனால் கரண்டிக் கணக்கை நம்பவேண்டாம். நன்றாக அரைத்த தூளும் பரும்படியான தூளும் ஒரே தேக்கரண்டியில் ஒரே எடை வராது. கிறாம் தராசு ஒன்று இல்லாமல் அகரோடு மினக்கெடுவது வீண். பக்கெற்றில் இறுகுபலம் என்று 700, 900, 1200 போன்ற ஓர் எண் அச்சிட்டிருந்தால் அது ஒரு சதுர சென்ரிமீற்றர் ஜெலி எத்தனை கிறாம் அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு. எண் கூடக்கூட அளவைக் குறைக்கலாம். எண்ணே இல்லாத பக்கெற் என்றால் முதலில் 1 கிறாமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சி, குறைந்த தண்ணீரை ஈடுசெய்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். பிறிட்ஜ் வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் கவிழ்த்தால் உருவம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் சரக்கு நலிந்தது.

சித்திரை வைகாசி மதியத்தில் மட்டும் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றும். ஜெலிடியம் பாசியில் எடுத்த அகர் ஏறத்தாழ 34 முதல் 38 பாகையில்தான் இறுகத் தொடங்கும். எங்கள் குசினி வெயில் நேரத்தில் அந்தப் பக்கத்துக்குக் கிட்ட நிற்கும். கிறாசிலாரியா பாசியின் அகர் 40 பாகைக்கு மேலேயே இறுகிவிடும். எனவே மெதுவாக இறுகுவது மோசமான சரக்கு என்று அவசரப்பட்டுத் தீர்க்கவேண்டாம். குவளையைக் கிணற்றுத் தண்ணீர் நிறைத்த பேசினில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

தூளில் கலப்படத்துக்கு இடமுண்டு. மா கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஆறிய கரைசலில் காயத்துக்குப் போடும் அயடீன் ஒரு துளி விடலாம். கருநீலம் வந்தால் மா. அகர் மட்டும் என்றால் கருஞ்சிவப்பு அல்லது மண்ணிறத்தோடு நிற்கும். ஜெலற்றின் கலந்திருக்கிறதா என்பதற்கு ஒரு சிட்டிகையைக் கரண்டியில் எரித்து மணந்து பாருங்கள். மயிர் பொசுங்குகிற மணம் வந்தால் புரதம் இருக்கிறது. நல்லூர்த் திருவிழா நாட்களில் மரக்கறிச் சாப்பாட்டோடு இருப்பவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இந்தச் சோதனை முக்கியம். ஜெலற்றின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது, அதை எந்தப் பாசியும் தராது. நிறமும் வாசமும் சேர்த்த ஜெலிப் பக்கெற்றுகளில் பலது ஜெலற்றின்தான், பெட்டியில் பழப்படம் பெரிதாக இருக்கும், மூலப்பொருள் பட்டியல் சிறிதாக இருக்கும். பட்டியலில் சேர்க்கை எண் 406 என்றால் அகர், 407 என்றால் கரகீனன், 407ஏ என்றால் அரைகுறையாகச் சுத்திகரித்த கரகீனன்.

ஜெலற்றினுக்கு இன்னொரு தோல்வி இங்கே நிச்சயம். அது 30 பாகைச் சுற்றில் உருகும். கலியாண வீட்டுப் பந்தியில் பரிமாறி முடிக்குமுன் தட்டில் சாறாகக் கிடக்கும். அகர் இறுகியபின் திரும்ப உருக 85 பாகை வேண்டும். கரண்ட் போனாலும் மத்தியானம் முழுக்க மேசையில் நிற்கும். அதற்கு விலை வாய்ப்பதத்தில்: ஜெலற்றின் நாக்கில் கரையும், அகர் கரையாது, கடிக்கத்தான் வேண்டும். அந்தக் கரகரப்பு பிடிக்காதவர்கள் அளவைக் குறைக்கலாம். ஆனால் லீற்றருக்கு 5 கிறாமுக்குக் கீழே போனால் மறுநாள் தட்டில் தண்ணீர் கக்கி நிற்கும். சீனி கூடிய பண்டம் குறைவாகக் கக்கும்.

புளிப்புத்தான் அகரின் எதிரி. தேசிக்காய்ச் சாறையோ கொடித்தோடைச் சாறையோ சேர்த்துக் கொதிக்கவைத்தால் சங்கிலி அறுந்து, எவ்வளவு அகர் போட்டாலும் கஞ்சியாகத்தான் நிற்கும். அகரைத் தனியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியபின் சாறை அறைச்சூட்டில் சேர்க்கவேண்டும். பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலற்றினை அறுப்பது அவற்றிலுள்ள புரதம் தின்னும் நொதியங்களால். அகரில் புரதம் இல்லாததால் அவற்றைத் தாராளமாகத் துண்டாக்கிப் போடலாம்.

பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்ட அகருக்கு ஈடாக வேறொன்றையும் சொல்லமுடியாது, இதில் நடுநிலை கிடையாது. பனங்கட்டியைத் தனியாகக் கரைத்துத் துணியில் வடியுங்கள், அடியில் மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் தங்கும். கொழுப்பு இலேசாகையால் மேலே வந்து, ஒரே ஊற்றலில் வெள்ளையும் மண்ணிறமுமாக இரண்டு தட்டு தானாகப் பிரியும். பிரியக்கூடாது என்றால் கலவை 45 பாகை வரை ஆறித் தடிக்கும்வரை கிண்டிவிட்டு ஊற்றவேண்டும். வேறு வேறு நிறத்தில் தட்டுத்தட்டாக ஊற்றுபவர்கள் செய்யும் பொதுவான பிழை, கீழ்த்தட்டை நன்றாகக் குளிரவிடுவது. குளிர்ந்த முகத்தில் அடுத்தது ஒட்டாது, வெட்டும்போது வழுக்கிப் பிரியும். விரல் வைத்தால் ஒட்டுகிற, ஆனால் குழியாகாத நிலையில், அடுத்ததை 60 பாகைச் சூட்டில் கரண்டியின் முதுகு வழியாக ஊற்றவேண்டும்.

இனிக் கரகீனன் தூள். கேக் வேலை செய்பவர்களுக்கும் ஐஸ்கிறீம் போடுபவர்களுக்கும் இது நல்ல சாமான். வீட்டில் ஜெலி செய்ய வாங்குவது தேவையில்லாத தலையிடி. பாலோடு அதற்கு இருக்கும் உறவுதான் அதன் பலம். கப்பா பாலிலுள்ள கேசீன் புரதத்தோடு பிணைவதால், தண்ணீரில் இறுக வேண்டிய அளவில் ஒரு சிறு பங்கே பாலுக்குப் போதும். லீற்றர் பாலுக்கு 3 முதல் 5 கிறாம் போட்டால் புடிங் நிற்கும். ஐஸ்கிறீமுக்கு லீற்றருக்கு 0.1 முதல் 0.3 கிறாம், அதுவும் குவார் பசையோ லோகஸ்ற் பீன் பசையோ கூடப் போடும்போது. அங்கே அதன் வேலை இறுக்குவது அல்ல, மற்றப் பசைகள் பாலின் புரதத்தைத் தள்ளிப் பச்சைத் தண்ணீரைப் பிரிக்காமல் பிடித்து வைப்பது. அளவு கூடினால் ஐஸ்கிறீம் கரையும்போது பாலாகாமல் களியாகக் குந்தும். அப்படிக் குந்துகிற ஐஸ்கிறீம் கண்டால் காரணம் அனேகமாக இதுதான். 0.2 கிறாமை நிறுக்கச் சாதாரண குசினித் தராசு உதவாது. 1 கிறாமை 99 கிறாம் சீனியில் நன்றாகக் கலந்து, அந்தக் கலவையில் 20 கிறாம் எடுக்கலாம்.

தூளை நேரே சூடான தண்ணீரில் போட்டால் வெளியே பசை பிடித்து உள்ளே காய்ந்த உருண்டைகள் வரும், அவை பிறகு எத்தனை கிண்டினாலும் கரையாது. பத்து மடங்கு சீனியோடு உலர்வாகக் கலந்து, குளிர்ந்த தண்ணீரில் தூவி, 80 பாகை வரை சூடாக்கவேண்டும்.

இங்கேதான் எங்கள் கிணறு குறுக்கே வரும். குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. அந்தக் கல்சியமும், கரையோரக் கிணறுகளின் சவரும் சேர்ந்தால், கரகீனன் கரைய இன்னும் அதிக சூடு கேட்கும், கப்பா இன்னும் அதிகமாக நொறுங்கும், தண்ணீரும் அதிகம் கக்கும், அயோட்டா எதிர்பார்த்ததை விட இறுகும். வெளிநாட்டுச் செய்முறையில் உள்ள அளவு கொழும்பில் ஒரு மாதிரியும் புங்குடுதீவில் இன்னொரு மாதிரியும் வருவதற்கு இதுவே காரணம். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடிப்படிவு கலங்காமல் மேல்தண்ணீரை மட்டும் எடுத்தால் கல்சியத்தில் நல்ல பகுதி கழியும். சவர் கழியாது, அதற்கு வடிகட்டிய போத்தல் தண்ணீர்தான். அகர் இதையெல்லாம் பொருட்படுத்தாது; கலங்கல் மட்டும் கொஞ்சம் தெரியும். வீட்டுக்கு அகர் தூள் என்று இந்த மதிப்பீடு சாய்வதற்கு முதற்காரணம் இந்தத் தண்ணீர்.

407ஏ என்ற அரைச்சுத்தத் தூள் விலை குறைவு. பாசியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கி, கழுவி, காயவைத்து அரைப்பது அது. காரம் ஒரு சல்பேற்றைக் கழற்றி இறுகும் பலத்தைக் கூட்டும், பொற்றாசியம் கரகீனன் வெளியே கரைந்து போகாமல் பிடித்துவைக்கும்: ஒரே சரக்கு இரண்டு வேலை. பாசியின் நார் உள்ளேயே கிடப்பதால் ஜெலி கலங்கலாகத்தான் வரும். சொக்லற் புடிங்குக்குப் பரவாயில்லை, கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் வாங்கவேண்டாம்.

இந்தக் கப்பாவைத் தரும் கப்பாபைக்கஸ் பாசி வலைப்பாடு போன்ற வடக்குக் கரையோரங்களில் கயிற்றில் கட்டி வளர்க்கப்படுகிறது, அறுவடைக்கு ஏறத்தாழ 45 நாள். ஆனால் அதைக் காய்ந்த பாசியாகச் சமையலுக்கு வாங்கிக் கரகீனன் தூளின் வேலையை எதிர்பார்க்கக்கூடாது. மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பளிங்கு பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டு. மண்ணும் சிப்பித்தூளும் அதோடு வரும்.

மற்றக் காய்ந்த பாசி, கஞ்சிப்பாசி எனப்படும் கிறாசிலாரியா எடுலிஸ். ‘சிலோன் மொஸ்’ என்று ஒரு காலம் வெளிநாட்டு வணிகத்தில் பெயர் பெற்றது இந்த இனந்தான். பெயர் பெரிது, இறுகுபலம் சிறிது: இதன் அகரில் சல்பேற்று கூட இருப்பதால் தொளதொளவென்றுதான் நிற்கும். தொழிற்சாலைகள் எரிசோடாக் கரைசலில் 80, 90 பாகையில் வைத்து அதைச் சரிக்கட்டுகின்றன. வீட்டில் அதைச் செய்ய நினைக்கவே வேண்டாம். வீட்டு முறை பழைய முறைதான். நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் பரப்பி, மாலையில் நனைத்து மறுபடி பரப்பி, ஊதா நிறம் போய் வெள்ளையாகும்வரை நாலைந்து நாள். பிறகு லீற்றருக்கு 30 கிறாம் போட்டு, புளிப்பு ஒரேயொரு சிறு துளி மட்டும் விட்டு (பாசி இளக அது உதவும், கூடினால் அகர் அறும்) முக்கால் மணித்தியாலம் அவித்து, சூட்டோடு துணியில் பிழியவேண்டும். ஆறினால் துணியிலேயே இறுகிவிடும். கஞ்சிக்கும் கூழுக்கும் தடிப்புக் கொடுக்க இது அருமை. அச்சில் வார்த்துக் கவிழ்க்க உதவாது.

மிஞ்சியது ‘சீ மொஸ்’ போத்தலும் குளிசையும். 92 கனிமம், தைரோயிட், நோய் எதிர்ப்பு, ஆண்மை என்று விளம்பரம் நீளும். பெயருக்குரிய ஐரிஷ் மொஸ் குளிர்கடல் பாசி. சந்தையில் அந்தப் பெயரோடு வருவதில் பெருமளவு வெப்பக்கடல் கப்பாபைக்கஸும் யூக்கியூமாவும்தான். போத்தலுக்குள் இருப்பது ஊறவைத்து அரைத்த பாசியும் தண்ணீரும். பியூகொய்டன் இருக்கிறது என்று எழுதியிருந்தால் விற்பவருக்குப் பாசி தெரியாது என்று அர்த்தம்: அது கபிலப் பாசியின் சரக்கு, சிவப்புப் பாசியில் இல்லை.

சிவப்புப் பாசிப் பல்சக்கரைட்டில் மருந்துக் குணம் இல்லை என்று சொல்லவில்லை. ஆர்ஜென்ரீனாவில் 394 மருத்துவமனை ஊழியர்களிடம் அயோட்டா கரகீனன் மூக்குத் தெளிப்பானைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 21 நாளில் கொவிட் தொற்றியோர் தெளித்த குழுவில் 1.0 வீதம், வெற்றுத் தெளிப்பில் 5.0 வீதம். ஆனால் அது மூக்கின் சளிப்படையில் நேரே போய்ப் படிந்து வைரசை அந்த இடத்திலேயே மறிக்கும் வேலை. விழுங்கிய குளிசை மூக்குக்கு வராது. அந்தப் பெரிய மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படுவதும் அனேகமாக இல்லை. நேரே பூசினாலும் எல்லாம் பலிக்காது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று கரகீனன் ஜெல் ஒன்றைத் தென்னாபிரிக்காவில் 6,202 பெண்களிடம் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு, பாதுகாப்பு இல்லை என்பதே. ஆய்வுகூட எலியின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கிப் புதிய மருந்துகளைச் சோதிக்க 1962 தொட்டு ஊசியில் ஏற்றப்படுவதும் இதே கரகீனன்தான். எந்த வழியால் உள்ளே போகிறது என்பதைச் சொல்லாத எந்த விளம்பரமும் இந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கரகீனன் புற்றுநோய் தரும் என்ற எதிர்ப்பக்கப் பயமும் பெரும்பாலும் குழப்பம். அமிலத்தில் உடைத்துச் சிறுமூலக்கூறாக்கிய பொலிஜீனன் வேறு, உணவுக்குப் போடும் கரகீனன் வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் தற்காலிகமாக வைத்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிறாம். 60 கிலோ ஆளுக்கு 4.5 கிறாம்; ஒரு கோப்பைப் புடிங்கில் முக்கால் கிறாம்கூட வராது. 15 கிலோப் பிள்ளைக்கு எல்லை 1.1 கிறாம்தான், ஒரு கோப்பைக்கு மேலே கணக்குப் பார்க்கவேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, உறிஞ்சி விழுங்குகிற சின்னக் கப் ஜெலி தொண்டையில் அடைப்பது. அகரும் கரகீனனும் வாயில் கரையாதவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைக் கப்பில் இவற்றை 2004இல் தடை செய்தது. இங்கே கடைகளில் தொங்கும் கப்புகளை வெட்டித் துண்டாக்கித்தான் கொடுக்கவேண்டும். எடை குறைக்க என்று அகர் தூளை உலர்வாக வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதும் அதே காரணத்தால் ஆபத்து, வழியிலேயே ஊதிவிடும்.

குளிசைக்குக் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது கொஞ்ச நார்ச்சத்து. மலம் இலகுவாகும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அதை 8 கிறாம் அகர் தூள் மிக மலிவாகத் தரும். போத்தல் ஜெல் வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிறைந்த பண்டம், கரண்ட் போய் பிறிட்ஜ் சூடாகிற வீட்டில் மூடியைத் திறந்து ஒரு கிழமைக்குள் புளித்த மணம் வரலாம். பாசி சாப்பிட ஆசை என்றால் காய்ந்த கப்பாபைக்கஸை வாங்கி, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, ஒரு இரவு ஊறவைத்து, நறுக்கி வெங்காயம் பச்சைமிளகாய் தேசிக்காயோடு சம்பலாக்குங்கள். சிறுநீரக நோய்க்காகப் பொற்றாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அதையும் தொடக்கூடாது. தைரோயிட் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும், பாசிக்குப் பாசி அயடீன் மாறும்.